குறுக்கே வந்த மாடு

போடிமெட்டைத் தாண்டியதும் ரோடு ஓர் இறக்கத்தில் இறங்கும். அந்த இடம் வந்ததும் ஜீப் அண்ணன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார். அடிவாரத்திலிருந்து ஒரு மணி நேரமாகக் காதுக்குள் அரைத்துக்கொண்டே வந்த சத்தம் சட்டென்று நின்றுபோகும். பின்னால் நெருக்கி உட்கார்ந்திருக்கும் ஏலத்தோட்டத்துப் பெண்கள்கூட, அதுவரை கத்திப் பேசிக்கொண்டு வந்தவர்கள், குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஈரத்தில் டயர் உருளும் சத்தமும் பாறையில் எங்கோ தண்ணீர் சொட்டுவதும் மட்டும் கேட்கும். வழியெல்லாம் சிணுங்கிக்கொண்டு வந்த என் மகள் சரியாக அந்த இடத்தில்தான் என் மடியில் தூங்கிப்போவாள். இரண்டு ஆண்டுகள், வாரத்துக்கு ஒரு காலை, அந்த அமைதிக்காக நான் காத்திருந்திருக்கிறேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் மறைத்ததுபோல் ஆகிவிடும். மறைத்தவரை போதும்.

மலைமேல் ஒரு தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. கணவருக்குப் போடியில் ஏலக்காய்க் கடையொன்றில் காயைத் தரம் பிரித்துப் பார்க்கிற வேலை. வீடு ராசிங்காபுரத்தில், மாமியாரோடு. திங்கட்கிழமை விடியும்போது மலை ஏறினால் வெள்ளிக்கிழமை மாலைதான் இறங்குவேன். நடுவில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஓர் அறையில் தங்கல். மகள் பிறந்து எட்டு மாதத்தில் மறுபடியும் வேலைக்குப் போக வேண்டி வந்தபோது, பால் மறக்காத பிள்ளையை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே தூக்கிக்கொண்டு போனேன். வகுப்பு நேரத்தில் சத்துணவு சமைக்கும் அம்மா பார்த்துக்கொள்வார். மாமியாருக்கு இதில் சம்மதமில்லை. "அந்தக் குளுருல பச்சப்புள்ளயக் கொண்டுபோயி என்ன செய்யப்போற? இங்கன விட்டுட்டுப் போத்தா. நான் மூணு வளத்தவ" என்றார். கணவர் எந்தப் பக்கமும் சேராமல், "ஒரு மாசம் போகட்டும், பாப்போம்" என்றார். அந்த ஒரு மாதம் முடியவே இல்லை. பிள்ளைக்கு ஒரு சளி பிடித்தாலும் நான் தோற்றுவிடுவேன் என்றே இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பரீட்சைக்குப் போகிறவளைப் போலத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். அவள் என்னோடு இருப்பதா, கீழே இருப்பதா என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காமலே நடந்துகொண்டிருந்த வழக்கு.

முதல் பஸ்சில் போனால் நான் போய்ச் சேர்வதற்குள் பிரேயர் முடிந்துவிடும். அதனால்தான் ஜீப். போடியிலிருந்து தினமும் தோட்டவேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் காலையில் வரிசையாக நிற்கும். நான் ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டுத்தான் அவருடைய வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். மற்றவர்கள் பாட்டை அலறவிட்டு வளைவில் முந்துவார்கள். அவர் முந்தமாட்டார். கிளம்புமுன் நான்கு டயரையும் காலால் உதைத்துப் பார்ப்பார். சட்டைப்பையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து இரண்டாக நறுக்கி, முன்கண்ணாடி முழுவதும் தேய்ப்பார். அப்படித் தேய்த்தால் மேலே போகும்போது கண்ணாடியில் கோட படியாதாம். மலையில் மூடுபனிக்குக் கோட என்றுதான் பெயர். எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொல், இந்தப் பக்கத்து வாயிலும் ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, மிச்சக் கெழங்க என்ன செய்வீக? மதினி அதத்தான் சாயங்காலம் பொரியல் வைக்குதா?" என்று பின்னாலிருந்து ஓர் அக்கா ஒவ்வொரு வாரமும் கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து ஏலக்காய் பறிக்கப் போகிறவர். அந்த ஜீப்பின் வாய் அவர்தான்.

"உனக்கு ஒரு தட்டு கொண்டாரச் சொல்றேன். இப்ப வாய மூடிட்டு ஏறு ஆத்தா" என்பார் அண்ணன்.

எனக்கும் பிள்ளைக்கும் முன்சீட்டு. யார் கேட்டாலும் அதை விட்டுத்தர மாட்டார். முதலில் டீச்சரம்மா என்றவர் எப்போது தங்கச்சி என்று மாறினார் என்று எனக்கு நினைவில்லை. நான் வீட்டுக்கு ஒரே பெண். உடன்பிறந்தவன் இல்லாதது அதுவரை எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. மகளுக்கு ஒரு வயது முடிந்து காது குத்த நாள் பார்த்தபோதுதான் தெரிந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட மாமன்மாரை எல்லாம் மாமியார் எண்ணிக்கொண்டிருக்க, நான் ஜீப் அண்ணனிடம் போய்க் கேட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார். "நெசமாத்தான் கேக்குறியா?" என்றார். "கூடப் பொறக்காதவன் மடியில புள்ளய வைக்கிறது என்ன மொறடி?" என்று மாமியார் கேட்டார். நான் அன்று பிடிவாதமாக நின்றேன். நான் பிடிவாதமாக நின்ற இடங்கள் என் வாழ்க்கையில் மிகக் குறைவு. அதில் ஒன்று இது.

அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு, தட்டில் பட்டுப்பாவாடையும் வளையலும் வாழைப்பழமும் வைத்து, ஜீப் நிறையப் பெண்களோடு வந்து இறங்கினார். அந்த அக்கா குலவை போட்டதில் கோயில் மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. ஆசாரி ஊசியைக் கிட்டே கொண்டுவந்தபோது மகளுக்கு முந்தி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவள் வீறிட்டு அழுதபோது அவர் கன்னத்திலும் தண்ணீர் வழிந்தது. "இனி இது எம் மருமக. எவனாச்சும் ஒரு சொல்லு சொல்லட்டும், பாத்துக்கிறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதற்குப் பிறகு மலை ஏறும்போது என் மடியில் இருந்த பயம் பாதியாகக் குறைந்தது. பிள்ளையை ஒரு டிரைவரோடு கொண்டுபோகவில்லை, அவள் மாமனோடு கொண்டுபோகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

எஞ்சினை அணைப்பதைப் பற்றி ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். "இப்படி அமத்திட்டு இறங்கலாமாண்ணே?" அவர் சிரித்தார். "தன்னால போற வண்டிக்கு எதுக்குத் தங்கச்சி எஞ்சினு? இந்த எறக்கம் எனக்கு உள்ளங்கை மாதிரி." எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் கல்லாக இறுகிவிடும், கியரும் பிடித்து நிறுத்தாது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று தோன்றித்தானே கேட்டேன்? கேட்டவள் ஏன் மறுபடி கேட்கவில்லை? பிள்ளை தூங்கிவிட்டாள், அதனால்.

எங்கள் மலையில் பனி என்றால் அது பெய்யும், நனைக்கும், பத்து மணிக்குப் போய்விடும். உறையும் பனி தை மாதத்தில் சில நாள், மேலே பள்ளமான இடங்களில் மட்டும் வரும். விடியும்போது புல்மேல் உப்பைக் கொட்டியதுபோல் கிடக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில் அதைச் சுரண்டி உருட்டிக் கையில் கொண்டுவருவார்கள். அந்த ஆண்டு குளிர் வழக்கத்துக்கு மேல் இருந்தது. இறக்கத்தின் நடுவில், வெயிலே படாத ஒரு வளைவில், பாறை ஊற்றுத் தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடும். அது உறைந்து தார்மேல் கண்ணாடிபோல் ஒட்டிக்கிடக்கிறது, பால்காரர் பைக்கோடு சறுக்கி விழுந்துவிட்டார் என்று முந்தின வாரமே அந்த அக்கா சொன்னார். "பாத்துப் போங்கண்ணே. ரோடு பளபளன்னு கெடக்கு."

"ரோட்டுல ஐசா? சீசால அள்ளிக்கொண்டா, சர்பத்துப் போட்டுக் குடிப்போம்" என்றார் அண்ணன். ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மேலதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. வருகைப்பதிவேட்டை எடுத்து வைக்க வேண்டும், பிள்ளைகளை வரிசையில் நிறுத்த வேண்டும். முந்தலில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில், ஒரு பெண்ணுக்காக வண்டி பத்து நிமிடம் நின்றது. மகள் பசியில் அழுதாள். நான், "வெரசாப் போங்கண்ணே" என்றேன். இதைச் சொன்னேன். சொல்லவில்லை என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. எங்கள் ஊரில் வெரசா என்பது ஒரு பேச்சு. வெரசாச் சாப்பிடு, வெரசாத் தூங்கு, வெரசா வந்துரு என்று நாளைக்கு நூறு தடவை சொல்வோம். சொல்கிறவளும் அவசரப்படுவதில்லை, கேட்கிறவனும் அவசரப்படுவதில்லை. ஆனால் ஒருமுறை சொன்னேனா, மூன்றுமுறை சொன்னேனா என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் எனக்கு ஒருமுறை என்று சத்தியம் செய்யத் தைரியமில்லை. எத்தனையோ முறை அந்தக் காலையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்ததில், அந்தச் சொல் எண்ணிக்கையில் கூடிக்கொண்டே போய்விட்டது.

மெட்டைத் தாண்டினோம். அவர் சாவியைத் திருப்பினார். அமைதி வந்தது. மகள் தூங்கினாள். கோட விலகி, மரங்களுக்கு நடுவே வெள்ளையாகப் புல் தெரிந்தது. வழக்கத்தைவிட வண்டி சற்று வேகமாக உருளுகிறதோ என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த வளைவு வந்தது. அண்ணன் ஸ்டியரிங்கைத் திருப்பினார். வண்டி அவர் திருப்பிய பக்கம் போகவில்லை. சத்தமே இல்லாமல், படகைத் தள்ளிவிட்டதுபோல் அது தன்பாட்டுக்குப் பக்கவாட்டில் போனது. "ஏய், ஏய், ஏய்" என்று அவர் வண்டியை அதட்டியது மட்டும் கேட்டது, மாட்டை அதட்டுவதுபோல. பிறகு ரோட்டோரத்து மண்திட்டைத் தாண்டி ஏலச்செடிகளுக்குள் சரிந்து, ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. நான் மகளின்மேல் கவிழ்ந்து அவளை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவளுடைய காறை எலும்பு முறிந்தது மரத்தில் மோதியா, என் முழங்கை அழுத்தியா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

வேறு யாருக்கும் பெரிய அடியில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், மகளின் தோளைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, போலீஸ்காரர் ஒருவர் வந்து என்ன நடந்தது என்று எழுதித் தரும்படி கேட்டார். அண்ணன் சுவரோரம் குந்தியிருந்தார். முழங்காலில் ஏலத்தோட்டத்துச் சேறு. யாரையும் பார்க்கவில்லை. அந்த அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "மாடு குறுக்க வந்துருச்சு சார்."

அந்த ரோட்டில் எந்த வண்டி சாய்ந்தாலும் காட்டுமாடு குறுக்கே வந்ததாகத்தான் சொல்வார்கள். டிரைவர் குடித்திருந்தாலும் மாடு, தூங்கிவிட்டாலும் மாடு. மலையிலுள்ள மாடுகள் எல்லாம் சேர்ந்தாலும் அத்தனை தடவை ரோட்டைக் கடந்திருக்க முடியாது. அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. டிரைவருக்கு லைசன்ஸ் போய்விட்டால் அந்த ஜீப்பில் போகும் பன்னிரண்டு பெண்களுக்கு மறுநாள் வேலை இல்லை. போலீஸ்காரர் நகர்ந்ததும் அக்கா என் காதருகே வந்தார். "எழுத்து தெரிஞ்சவ நீதான் இருக்க டீச்சரு. அழகா எழுதிக் குடுத்துரு. நாங்க கையெழுத்துப் போட்டுர்றோம்." நான் அண்ணனைப் பார்த்தேன். அவரும் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பையிலிருந்த கோடு போட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். 'எதிர்பாராத விதமாகக் காட்டுமாடு ஒன்று குறுக்கே வந்தமையால், பயணிகளைக் காக்கும் பொருட்டு ஓட்டுநர் வாகனத்தை இடப்புறம் திருப்பியதில்' என்று தொடங்கும் வாக்கியம். அடித்தல் திருத்தல் இல்லை. எழுதி முடித்தபோது, அந்த நிலையிலும், நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. பெண்கள் வரிசையாகக் கீழே பெயர் போட்டார்கள். உள்ளே என் மகள் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். அவள் மாமனைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

நான்காம் நாள் அண்ணன் ஆரஞ்சுப் பழங்களோடு ராசிங்காபுரத்துக்கு வந்தார். மகளைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினார். மாமியார் காப்பி கொடுத்தார். என் கணவர் கோபக்காரர் அல்ல. நிதானமாகத்தான் கேட்டார். "மாடு எங்கிட்டிருந்துண்ணே வந்துச்சு? நீங்க நிதானமா ஓட்டுவீங்கன்னுதான அனுப்புனோம்?"

அண்ணன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "மாடு எங்கிட்டிருந்தும் வரும் மாப்ளே. மெதுவாப் போயிருந்தா நிறுத்தியிருப்பேன். எப்பயும் மெதுவாத்தான போவேன்? அன்னைக்கித் தங்கச்சிதான் வெரசா வெரசான்னுச்சு. ஆபீசரு வாராரு, வெரசாப் போங்கன்னுச்சு. தங்கச்சி சொல்லத் தட்ட முடியுமா?"

மாமியார் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையின் கட்டைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார். "சொன்னியா?" என்று கேட்டார். நான் "சொன்னேன்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? எஞ்சினை அணைத்திருந்தார் என்று சொல்ல வேண்டுமானால் மாடு வரவில்லை என்று சொல்ல வேண்டும். மாடு வரவில்லை என்றால் என் கையெழுத்து, அத்தனை பெண்களின் பெயர், எல்லாம் பொய்யாகும். நான் எழுதிக்கொடுத்த மாட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவர் என்னைக் காட்டிக்கொடுத்தார். அவர் சொன்னதில் என்னால் இல்லையென்று மறுக்கக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை. போகும்போது வாசலில் நின்று, "வருத்தப்படாத தங்கச்சி, ஏதோ நேரம்" என்றார்.

அன்று மாலையே மாமியார் சொல்லிவிட்டார். "புள்ள இங்க இருக்கட்டும். உனக்கு உஞ்சோலி பெருசு. போ, பாத்துட்டு வா." நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த தீர்ப்புதான். ஆனால் சளியாலோ காய்ச்சலாலோ வரும் என்று நினைத்திருந்தேன். நான் அண்ணன் என்று கூப்பிட்ட வாயிலிருந்து வரும் என்று நினைக்கவில்லை.

ஒன்றரை ஆண்டுகள் போல அவள் கீழே வளர்ந்தாள். தலைமையாசிரியரிடம் கேட்டு திங்கட்கிழமைகளில் இரண்டாவது பீரியடுக்கு வர அனுமதி வாங்கி, நான் பஸ்சில் தனியாகப் போய்வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவள் என்னிடம் வராமல் மாமியாரின் சேலைக்குப் பின்னால் நின்றாள். இன்னொரு வெள்ளிக்கிழமை, "நீ என்னைக்கிம்மா போவ?" என்று கேட்டாள். திங்கட்கிழமை என்றேன். "சரி" என்றாள். அந்தச் சரி என்னை அரித்தது. கடைத்தெருவில் ஒருநாள் அந்த அக்காவைப் பார்த்தபோது கேட்டே விட்டேன், எஞ்சின் அணைந்திருந்தது உங்களுக்கும் தெரியுமே, எங்கள் வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்லலாமே என்று. அவர் கத்தரிக்காயைப் புரட்டியபடியே, "எனக்கு நாளைக்கி அந்த ஜீப்புல எடம் வேணும்ல டீச்சரு" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு அது எஞ்சினைவிடப் பெரிய உண்மை.

இந்த மே மாதம், மகளுக்கு நாலு வயதானபோது, ராசிங்காபுரத்திலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. சேர்த்துவிட்டால் பிறகு அவள் என்னிடம் வரப்போவதில்லை. உண்மையைச் சொல்லிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை என்று தோன்றியது. ஆனால் ஜீப் அண்ணனுக்குத் தெரியாமல் சொன்னால் நானும் அவரைப்போல் ஆகிவிடுவேன் என்று ஒரு தயக்கம். அதனால் முதலில் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். நண்பகல் வெயில். அண்ணன் ஜீப்பின் நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கை கழுவினார்.

"வீட்டில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்" என்பதை நான் நான்குமுறை மாற்றி மாற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சொல்லு தங்கச்சி. நான் வேணாங்கல. ஆனா ஒண்ணு. மாடுன்னு எழுதிக் குடுன்னு நான் ஒன்னயக் கேட்டேனா?"

கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

"மடியில வச்சுக் காது குத்துனீங்களேண்ணே" என்றேன்.

"அதுவும் நீயா வந்து கேட்டதுதான ஆத்தா" என்றார். திட்டுவதுபோல் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு, "மருமகளுக்குத் தோளு நல்லாருச்சா?" என்று கேட்டார். நான் திரும்பி நடந்தேன். பாதித் தெருவில் நின்று, நல்லாகிவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாமோ என்று யோசித்தேன். அவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்லவாவது அவர் கொடுத்த வாக்கு ஒன்று என்னிடம் இருக்க வேண்டும். தேடிப் பார்த்தால் எல்லாம் நான் கொடுத்ததாகவே இருந்தது. அண்ணன் என்ற பெயர், தாய்மாமன் என்ற உரிமை, அந்த அழகான வாக்கியம். அவர் வாங்கிக்கொண்டார். தேவைப்பட்டபோது செலவழித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கணவரிடம் சொன்னேன். மாமியார் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாடு வரவில்லை, பனி உறைந்திருந்தது, எஞ்சினை அணைத்திருந்தார், நான் பொய் எழுதினேன். சொல்லி முடித்ததும் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். அவர் ஒன்றைத்தான் கேட்டார்.

"எஞ்சின அமத்துறது அன்னைக்கி மட்டுமா? எப்பயுமேவா?"

"எப்பயுமே."

"ஒனக்கு அது முன்னாடியே தெரியும்."

"தெரியும். ரெண்டு வருசமா."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. இந்தக் கேள்விக்குத்தான் நான் இத்தனை நாள் பயந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. பிடித்திருந்தது என்றும், பிள்ளை தூங்கினாள் என்றும் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு வாரம் எங்களுக்குள் தேவைக்கு மேல் பேச்சில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள், சின்னதாக ஒரு ரோஸ் நிறப் பை வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். "பஸ்சுல மட்டும் போ. ஜீப்புல கால வச்சன்னு தெரிஞ்சுச்சு, அன்னையோட சரி." மாமியார் பிள்ளையின் ஸ்வெட்டரை மடித்துப் பைக்குள் வைத்தார். "இப்பயாச்சும் வாயத் தொறந்தியே" என்றார். அது மன்னிப்பா, குத்தலா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது திங்கட்கிழமைகளில் நானும் மகளும் முதல் பஸ்சில் போகிறோம். மெட்டு தாண்டும் நேரத்துக்குக் கணவர் போன் செய்வார். "போன ஜன்னல்கிட்ட வை" என்பார். வைப்பேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். சிக்னல் இல்லாத நாட்களில் என்ன நினைத்துக்கொள்வாரோ தெரியாது.

முதல் வாரமே, அந்த வளைவில் பஸ் திரும்பும்போது மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "அம்மா, இங்கதான மாடு வந்துச்சு?"

இதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். "மாடு வரல பாப்பா. ரோட்டுல பனி உறஞ்சு கெடந்துச்சு. மாமா எஞ்சின அமத்தியிருந்தாரு, வண்டி வழுக்கிருச்சு. மாடு வந்துச்சுன்னு அம்மாதான் பொய் எழுதிட்டேன்."

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள், மறதிக்காரர்களைப் பார்ப்பதுபோல.

"இல்லம்மா. வந்துச்சு. நீ தூங்கிட்ட. நாந்தான் பாத்தேன்." கையை விரித்துக் காட்டினாள். "இம்புட்டுப் பெரிய மாடு. அது பின்னாடியே ஒரு கன்னுக்குட்டி. ஜீப்பப் பாத்துப் பயந்துபோயி, ஓடிப்போயி அதோட அம்மா காலுக்குள்ள நின்னுக்கிருச்சு."

நான் எழுதிக்கொடுத்த தாளில் கன்று கிடையாது.